தூணடியில் இருந்த பெட்டி

இந்த ஊரில் மேசையை டிஷ்யூ பாக்கெட் பிடித்து வைக்கும். நாட்டில், அதாவது இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளங்காது, விளக்கிச் சொல்கிறேன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமில் பெரிய சாலையை ஒட்டி நாங்கள் சிலர் பங்கு சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். கல்லாவில் உட்காருவது நான். மதிய நேரம் வருகிறவர்கள் முதலில் உட்கார மாட்டார்கள். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் போடுவார்கள், இல்லை குடையை வைப்பார்கள். சில பெண்கள் கைப்பையையே வைத்துவிட்டுக் கறி எடுக்கப் போய்விடுவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜொகூர்க்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் என்கிறார்கள். அந்தப் பையை யாரும் தொடுவதில்லை, அந்த மேசையில் வேறு யாரும் உட்காருவதுமில்லை. வந்த புதிதில் நான் அசந்துபோனேன். நாமும் பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள்தான். ஆனால் துண்டுதான் போடுவோம், கைப்பையைப் போடும் அளவுக்கு நம்மை நாமே நம்பியதில்லை. துண்டுக்கே சண்டை வந்து சட்டை கிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நம்பிக்கையோடு நாங்களும் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டோம். கடையின் முன்பக்கத்தில், கல்லாவுக்கு எதிரே ஒரு தூண் இருக்கிறது. எங்களில் யாராவது நாட்டுக்குப் பயணம் போகிறார்கள் என்ற சேதி பரவினால், பக்கத்து ஊர்களான சாஆவில் இருந்தும் லாயாங் லாயாங்கில் இருந்தும் பெட்டிகள் அந்தத் தூணடிக்கு வந்து சேரும். அட்டைப் பெட்டி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கயிறு, மேலே கறுப்பு மையில் வீட்டார் பெயரும் ஊரும். வைக்கிறவர் நான் கல்லாவில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்வார், இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போய்விடுவார். எடுத்துப் போகிறவர் உள்ளே என்ன என்று கேட்க மாட்டார், பிரிக்கவே மாட்டார். எங்கள் கடற்கரை ஊர்களில் இதற்கு அமானிதம் என்று பெயர். நம்பி ஒப்படைத்த பொருளை இடையில் பிரித்துப் பார்ப்பது, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதைப் போன்ற அசிங்கம். விமான நிலையத்தில் ‘இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா’ என்று கேட்கும்போது நாங்கள் எல்லோரும் வியர்த்தபடி தலையாட்டியிருக்கிறோம். உள்ளே தைலமும் சாக்லேட்டும் கைலியும்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வேறு எதையும் ஒருவன் தன் வீட்டுக்கு அனுப்புவான் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் இதே மாநிலத்தில் வேறோர் இடத்தில் ஒரு காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். பணியில் இருந்த காவலர்கள் செத்துப்போனார்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருந்த மனிதர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போகும் கோபத்தைப் படித்துவிட்டு, ‘இவன் யார் பக்கம்’ என்று கேட்க ஒருவர் கட்டாயம் வருவார். செத்தவர்கள் பக்கம்தான். ஆனால் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு உயிரோடு இருக்கிறவர்களை என்ன பாடு படுத்துகிறோம் என்பதையும் யாராவது எழுதத்தானே வேண்டும்.

பயப்பட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் பயந்தேன். அந்த வாரம் கடையில் எல்லோரும் வாசலைப் பார்த்தபடி உட்காரவே இடம் தேடினார்கள். மேசையில் இருந்த டிஷ்யூ பாக்கெட்டுகள் காணாமல்போயின. கைப்பை தோளைவிட்டு இறங்கவில்லை. முதுகுப்பையோடு ஒருவன் நுழைந்தால் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். பையின் சொந்தக்காரன் உள்ளூர்க்காரன் என்றால் மறுபடி சாப்பிடத் தொடங்குவார்கள். வங்காளதேசத்துக்காரனாகவோ, நேபாளியாகவோ, நம் நாட்டில் இருந்து வந்து மூட்டை தூக்குகிறவனாகவோ இருந்துவிட்டால் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்வை அவன் முதுகிலேயே இருக்கும். தாக்குதலுக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் கிடையாது. ஆனால் பயம் வந்துவிட்டால் அதை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கைக்கு எட்டுகிற தலை வெளியூர்க்காரன் தலை.

இதே ஆட்கள் எங்கள் கடை வாசலில் ரோட்டைக் கடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் கன்டெய்னர்களும் விரைவுப் பேருந்துகளும் மூச்சுவிடாமல் போகிற சாலை அது. பேருந்து நிற்குமிடம் எதிர்ப்பக்கம், கடை இந்தப் பக்கம். எங்கள் வாசலுக்கு முன்னால் நடந்து கடப்பதற்கு ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டே கடக்கிறார்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணீர், அப்படியே கடக்கிறார்கள். நான் வந்த பிறகு இந்த இடத்தில் அடிபட்டவர்களை எண்ணிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு முறையும் மணலைக் கொட்டி ரத்தத்தை மூடுவோம், மறுநாள் மறந்துவிடுவோம். மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. அதற்காக யாரும் கதவைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. லாரி ஓட்டுநர் உள்ளே வந்தால் கரண்டி நின்றதுமில்லை.

இந்தப் பார்வையை நான் அறியாதவன் இல்லை. இளவயதில் நம் நாட்டில் ஒரு நகரத்தில் துணிக்கடையில் வேலை பார்த்தேன். நகரத்தின் பெயர் வேண்டாம். அங்கே குண்டு வெடித்தது. வெடித்த இடத்துக்கும் நான் தங்கிய தெருவுக்கும் வெகுதூரம். ஆனால் என் பெயருக்கும் குண்டு வைத்தவன் பெயருக்கும் தூரம் குறைவாக இருந்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, நல்ல மனிதர்தான், தேநீர் கொடுத்துச் சொன்னார். “நீ நல்லவன் தம்பி, எனக்குத் தெரியும். ஆனா மத்தவங்க பயப்படுறாங்க.” அந்த மாதமே காலி செய்தேன். ஊருக்குத் திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்திச் சோதித்தார்கள். இருக்கைக்கு அடியில் இருந்த கூடை யாருடையது என்று கேட்டார்கள், என்னுடையது என்றேன். எல்லோரையும் இறக்கிவிட்டு என்னைப் பிரிக்கச் சொன்னார்கள். உள்ளே கருவாடு. என்னைப் பெற்ற உம்மா கொடுத்தனுப்பியதில் தின்றது போக மிச்சம். பேருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று சிரித்தேன்.

மலேசியாவுக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி சம்பளம் இல்லை. இங்கே என் பெயரைச் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் அதே பெயர், பள்ளிவாசல் வெள்ளைப் பலகையிலும் அதே பெயர். இனி என் கூடையை யாரும் பிரிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். பெயர் பிரச்சினை இல்லாத இடத்தில் பாஸ்போர்ட் பிரச்சினையாகும் என்று அப்போது எனக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் நான் நாட்டுக்குப் போவதாக இருந்தது. தூணடியில் அந்த முறை பெட்டிகள் சேரவில்லை. ‘நெலமை சரியில்ல, அடுத்த பயணத்துல பாப்போம்’ என்று எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். அன்சாரி ஒருவன்தான் வந்தான். அவன் லாயாங் லாயாங்கில் ஒரு சின்னக் கடையில் ரொட்டி போடுகிறவன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். முப்பதைத் தாண்டியவன், அதிகம் பேச மாட்டான். அத்தா என்று அவன் கூப்பிடும் தகப்பனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார், பார்வையும் மங்கிவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவரைத் திருப்பூரில் அன்சாரியின் தங்கச்சி வீட்டில் வைத்திருந்தார்கள். மதியக் கூட்டம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

“காக்கா, அத்தாவுக்கு ஒரு சாமான். நிமித்தியே வைங்க, கவுத்திடாதீங்க” என்றான். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“என்னப்பா, முட்டையா?”

“மலேசியாவுலருந்து யாராச்சும் முட்டை அனுப்புவாங்களா காக்கா” என்று சிரித்தான். சாயங்கால ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும் என்று ஒரு தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டான். நான் பெட்டியைத் தூணடியில் நிமிர்த்தி வைத்தேன். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சிறிது நேரத்தில் எதிரே ஒரு விரைவுப் பேருந்து நின்றது. பயணிகள் கடந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். தூணுக்கு அடுத்த மேசையில் லெட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பீங்கான் கடையில் விற்பனைக்கு நிற்கிறவர், சாஆவில் எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தினமும் அந்த நேரத்துக்கு வந்து பால் இல்லாத தேத்தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் கறியில் உப்புக் கூட, குறைய என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். மூன்று மணி நெருங்கியிருக்கும். தூணடியில் இருந்து பீப் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று.

கரண்டிகள் நின்றன. மறைக்காமல் சொல்கிறேன், நானும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன். பத்துத் தலைகள் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தன. மூன்றாவது பீப்புக்கு ஒருவர் எழுந்து கத்தினார். “பாம்டா! ஓடுங்க!” முதலில் கத்தியவர் நம் தமிழர்தான். அதற்குப் பிறகு எல்லா மொழியிலும் கத்தினார்கள். நாற்காலிகள் சாய்ந்தன, கறிக்குழம்பு தரையில் ஓடியது. கடைக்கு ஒரே வாசல், வாசலுக்கு முன்னால் அந்தச் சாலை. யாரோ என் மேல் மோதியதில் நான் கல்லாவோடு சேர்ந்து சரிந்தேன். தரையில் கிடந்தபோதுதான் பெட்டிக்குள் இருந்து மெல்லிய தகரக் குரலில் பாங்கு கேட்டது. அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர். தொழுகைக்கு அழைக்கும் கடிகாரம். அத்தாவுக்கு வாங்கியிருக்கிறான். அடப்பாவி, பேட்டரியோடு கட்டியிருக்கிறான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறப்பதற்குள் வெளியே பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது.

ஓடியவர்களில் பின்தங்கியவர் லெட்சுமி அக்கா. கூட்டம் கடந்ததும் சாலை காலி என்று நினைத்திருப்பார். ஒரு பிக்கப் வண்டி அவரை அடித்துத் தள்ளிவிட்டது. ஓட்டியவர் மேல் குற்றமில்லை, திடீரென்று சாலையில் ஒரு கூட்டம் பாய்ந்தால் அவர்தான் என்ன செய்வார். நான் போய் அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. கடைக்குள் பாங்கு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. வெற்றியின் பக்கம் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறந்து, “தம்பி, இந்நேரத்துல யாரு பாங்கு சொல்றது?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. இங்கே மதியத் தொழுகை முடிந்து வெகுநேரமாகிவிட்டது, அடுத்த தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கடிகாரம் திருப்பூரின் மதியத்துக்கு அழைத்தது. நம் நாட்டு நேரம் இங்கத்தி நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். தங்கச்சிக்கு அந்தப் பட்டன்கள் பிடிபடாது, அத்தாவுக்குக் கண் தெரியாது. அதனால் அன்சாரி இங்கேயே பேட்டரி போட்டு, ஊர் நேரம் வைத்து, பிரித்து மேசையில் வைத்தால் போதும் என்ற நிலையில் கட்டியிருக்கிறான். வெளிநாட்டில் இருக்கும் எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. அனுப்புகிற பொருள் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே வாழத் தொடங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நாங்கள்.

அக்காவை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். போலீஸ் வந்து நாடா கட்டியது. கனத்த அங்கி போட்டவர்கள் வந்து பெட்டியைத் திறந்தார்கள். கடிகாரம், இரண்டு புட்டி தைலம், ஒரு கைலி, ஒரு பொட்டலம் சாக்லேட். விசாரித்த சார்ஜண்ட் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், தினமும் சர்க்கரை இல்லாத தேத்தண்ணீர் குடிக்க வருகிறவர். அன்று என்னை முதல்முறை பார்ப்பவர்போல் எதிரே உட்கார்ந்து, “இனி புஞ்யா சியாப்பா?” என்றார். இது யாருடையது. நண்பனுடையது, நான் நாட்டுக்கு எடுத்துப் போக வைத்தது என்றேன். உள்ளே என்ன இருந்தது என்று தெரியுமா? தெரியாது. தெரியாமலே விமானத்தில் ஏற்றுவாயா? ஆமாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “இது அமானா, துவான்” என்றேன். துவான் என்றால் ஐயா. அமானா என்ற சொல் அவர்கள் மொழியிலும் இருக்கிறது, அதே பொருளில். அவர் முகம் சற்று இளகியது. அமானா என்றால் என்னவென்று எனக்கும் தெரியும் அண்ணே, என்று மலாயில் சொன்னார். உள்ளே இருப்பது தெரியாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுகிறார்கள் என்று எழுதி மேலே அனுப்பினால் எனக்குப் பைத்தியம் என்பார்கள், என்றும் சொன்னார். அவர் என்னை ஏமாளி என்று நினைத்தார், நான் அவரை நம்பிக்கை கெட்டவர் என்று நினைத்தேன். இருவருமே முழுக்கச் சரியில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. சக காவலர்களை இழந்த மனிதர், கேட்காமல் இருந்திருந்தால்தான் தப்பு. என் கோபம் அவர் மேல் இல்லை.

என் கோபம் கைபேசிகள் மேல். அன்சாரியை லாயாங் லாயாங் கடையில் இருந்து போலீஸ் கூட்டிப் போனபோது, மாவு ஒட்டிய கையோடு அவன் வண்டியில் ஏறுவதை யாரோ படம் எடுத்துவிட்டார்கள். ‘பாம் வைத்தவன் பிடிபட்டான்’ என்று அது புறப்பட்டது. மறுநாளே அவனை விட்டுவிட்டார்கள், கடிகாரம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சேதி எங்கேயும் புறப்படவில்லை. எனக்கே அந்தப் படத்தை இருபது பேர் அனுப்பினார்கள், அதில் பாதிப் பேர் அவன் கையால் ரொட்டி தின்றவர்கள். தெரிந்தவன்தானே, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விரலால் தள்ளிவிடுவது அத்தனை சுலபமாக இருக்கிறது.

லெட்சுமி அக்காவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். காலில் கம்பி வைத்திருந்தார்கள். படுக்கையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள், எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசினார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அக்கா மட்டும் கையை நீட்டினார்.

“பாத்தியா தம்பி, வர்றவங்க எல்லாம் பாம் பாம்னே பேசுறாங்க. எந்தப் பெட்டியும் என்னைய இடிக்கல லா. ரோட்லதான் அடிபட்டேன்” என்றார். பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். “என் மவன் விடியக்காலையில மோட்டர்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான். மழையிலயும் போறான். அவன் வீடு திரும்புற வரைக்கும் நான் பயந்துக்கிட்டுதான் கெடக்கேன். அதுக்கு யாராச்சும் போட்டோ எடுத்து அனுப்புனீங்களா?” ஒருவர் மெல்ல, “இருந்தாலும் அக்கா, இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியாது லா” என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அன்சாரியின் முதலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான். அவனை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டு நானே நேரில் போய்ப் பேசினேன். உட்காரச் சொல்லி, தேத்தண்ணீர் வரவழைத்துவிட்டுச் சொன்னார். “அன்சாரி நல்லவன், எனக்குத் தெரியாதா? ஆனா கஸ்டமருங்க பயப்படுறாங்க.” துணிக்கடைக் காலத்து வீட்டுக்காரர் சொன்ன அதே வார்த்தை, அதே தேநீர். எல்லோரும் தங்களுக்குப் பயமில்லை என்கிறார்கள், மற்றவர்களுக்குத்தான் பயம் என்கிறார்கள். அந்த மற்றவர்களை நான் இரண்டு நாட்டிலும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் அகப்படவில்லை.

எங்கள் கடைக்கு அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று கடைப் பங்காளிகளிடம் கெஞ்சினேன். ‘இப்ப வேணாம்’ என்றார்கள். வேலை போனால் பெர்மிட்டும் போகும், பெர்மிட் போனால் விமானம் ஏற வேண்டியதுதான். அந்தப் பேச்சோடு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூட்டம் ஒன்றும் போட்டார்கள். தூணடியில் இனிப் பெட்டி வைக்கக் கூடாது, காமிரா பொருத்த வேண்டும் என்று முடிவானது. நான் எழுந்து, அடிபட்டது ரோட்டில், கடப்பதற்கு வழி கேட்டு எல்லோரும் சேர்ந்து மறுபடி ஒரு மனுக் கொடுப்போம் என்றேன். சம்பந்தமில்லாமல் உளறுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர், “அது எப்பவும் இருக்கிறதுதானே பாய்” என்றார். எப்பவும் இருப்பது எங்களைக் கொன்றால் அது விதி, புதிதாக வந்தது எங்களைத் தொடாமல் போனாலும் அது ஆபத்து. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. காமிரா வந்துவிட்டது. சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணைப் பார்த்து நிற்கிறது.

விசாரணை என்று என் பயணம் தள்ளிப்போனது. அன்சாரியின் பயணம் முந்திக்கொண்டது. அவன் கிளம்பும் சேதி எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக ஒருவன் நாட்டுக்குக் கிளம்பினால் அவன் தூக்க முடியாத அளவுக்குப் பெட்டிகள் சேரும், எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் சண்டை நடக்கும். அன்சாரிக்கு ஒரு பொட்டலம்கூட வரவில்லை. பெட்டி வைக்கக் கூடாது என்ற முடிவு தூணுக்குத்தான், அவன் கைக்கு இல்லை. ஆனாலும் ஒருவரும் வரவில்லை. ஒற்றைப் பையோடு எங்கள் கடைக்கு வந்தான். அந்தப் பையை வாங்கிக்கொண்டு நானும் அவனோடு சாலையைக் கடந்து பேருந்து நிற்குமிடத்துக்குப் போனேன். போலீஸ் திருப்பிக் கொடுத்த கடிகாரம் என்னிடம் இருந்தது. பின்மூடி உடைந்திருந்ததை டேப் போட்டு ஒட்டி, துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

“வேணாம் காக்கா” என்றான். “ஏர்போர்ட்டுல கேப்பாங்க.”

“கடிகாரம்னு சொல்லு. கடிகாரம் கொண்டு போறது குத்தமா?”

“தங்கச்சி போன்ல பேசுனுச்சு. அந்தப் போட்டோ அங்கயும் வந்துருச்சாம். காம்பவுண்டுல எல்லாரும் பாத்துட்டாங்களாம். வீட்டுக்காரரு வந்து, உங்க அண்ணன் எப்ப வர்றாருன்னு கேட்டுட்டுப் போயிருக்காரு.” அவன் துணிச்சுருளைத் தொடக்கூட இல்லை. “நான் போயி எறங்குன அன்னைக்கு இது வீட்டுக்குள்ளருந்து சத்தம் போட்டா என்ன நெனப்பாங்க?”

“அத்தா தொழுகை வக்து கேட்டா?”

“தங்கச்சி செல்போன்ல பாத்துச் சொல்லும். சத்தம் இல்லாம.”

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. ஒரு தப்பும் செய்யாதவன் குற்றவாளியைப்போல் ஒடுங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தலையை நிமிர்த்திப் போ, நீ யாருக்குப் பயப்பட வேண்டும் என்று கத்திவிட்டேன். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்சாரி அவர்களைப் பார்த்து லேசாகச் சிரித்தான், ஒன்றுமில்லை என்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, “கருவாட்டுக் கூடையப் பிரிச்ச அன்னைக்கு நீங்களும் சிரிச்சதா சொன்னீங்களே காக்கா. அது மாதிரிதான்” என்றான். பேருந்து வந்தது. ஏறிவிட்டான். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைச் சன்னல் வழியே பார்த்தேன்.

கடிகாரத்தைக் கல்லாவுக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டேன். பங்காளிகள் முணுமுணுத்தார்கள், ‘அதைக் கழற்றுவதானால் என்னையும் சேர்த்துக் கழற்றுங்கள்’ என்றேன். நேரத்தை மாற்றி இங்கத்தி நேரம் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். மாற்றப்போவதில்லை. அது ஒருவருடைய அமானிதம். இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

தினமும் மூன்று மணியை ஒட்டி அது பீப் என்கிறது. கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. பேருந்தில் வந்து இறங்கிய புது ஆட்கள் மட்டும் சோற்றில் கை வைத்தபடி விறைத்துப்போவார்கள், பாங்கு தொடங்கியதும் குழம்பிப்போய்க் கைபேசியில் மணி பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். இந்தியா நேரம் என்று சொல்வேன். சிரித்துவிட்டுச் சாப்பிடுவார்கள். இங்கத்தி மதியத் தொழுகையை எப்போதோ முடித்துவிட்டவன் நான். ஆனாலும் அந்தத் தகரக் குரல் கேட்டதும் கல்லாவில் என் கை நின்றுவிடும். திருப்பூரில் ஒரு வயதானவர் படுத்தபடியே வக்து ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். மகள் அவர் காதருகே குனிந்து ரகசியம்போல் சொல்லிக்கொண்டிருப்பாள். வெளியே லெட்சுமி அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சாலையில் ஓர் இடைவெளிக்காகக் காத்து நிற்பார். செம்பனை லாரி ஒன்று அவரை உரசுவதுபோல் கடந்து போகும். மேசையில் தம்ளர்கள் எல்லாம் அதிரும். ஒருவரும் தலை நிமிர்வதில்லை.